இருபத்தொரு நத்தைச் சீர்

இங்க ஆளு வருதா அம்மிணி? இல்லையா. அப்பச் சித்தெ நகந்து உக்காரு. இந்தத் தூக்குப்போசியை மட்டும் காலுல தட்டிப்போடாதே. பாலு இல்ல, கொழம்பு இல்ல. நத்தை.

என்ன அப்படிப் பாக்கறே? நத்தைதான். உசுரோட இருக்குது. எண்ணி இருபத்தொண்ணு. மூடி மேல துணி போட்டுக் கட்டியிருக்கறேன், பயப்படாதே. கடிக்காது. கடிக்கறதா இருந்தா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

நீ எதுவரைக்கும்? தாளவாடியா. நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். அங்க எறங்கி இன்னொரு பஸ் புடிச்சு அக்கட்டால போகோணும், எங்க சம்மந்தி ஊருக்கு. இந்த நத்தை சம்மந்திக்குத்தான். அவரு எனக்குச் சீராக் குடுத்ததை நான் அவருக்கே திருப்பிக் குடுக்கப் போறேன். மொறையாத்தான் குடுப்பேன். தட்டு, வெத்தலை பாக்கு, மஞ்ச, குங்குமம் எல்லாம் இந்த மஞ்சப்பையில இருக்குது. சீருன்னா ஒத்தைப்படையில வெக்கோணும், அதுக்குத்தான் இருபத்தொண்ணு. நமக்கு மொறை தெரியுமல்ல.

மருமகளைக் கூப்பிடவான்னு நீ கேப்பே. அதுக்கெல்லாம் போகல. அவளா போனா, அவளா வரட்டும். நான் நத்தையைக் குடுத்துப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கே வந்துருவேன்.

மொதல்ல இருந்து சொல்றேன் கேளு. என் பேரு சம்பூரணம். கோபிக்குப் பக்கத்துல தோட்டம், தோட்டத்துக்குள்ளயே சாளை போட்டு இருக்கறோம். எங்கூட்டுக்காரரு வாயில்லாப் பூச்சி. ஒரே பையன், லோகு. போன ஐப்பசியில அவனுக்குக் கல்யாணம். பொண்ணு இந்த மலைமேல. சுவர்ணான்னு பேரு. அவங்கப்பா மாதேசன், அவருதான் சம்மந்தி.

நாங்க ஒண்ணுமே கேக்கல அம்மிணி. அதை முன்னாடியே சொல்லிப்போடறேன். நகை கேக்கல, வண்டி கேக்கல. ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுப்பாரு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பந்தல்ல கட்டற வாழை மரம் இருக்குதல்ல, அது பொண்ணு ஊட்டுத் தோட்டத்துல இருந்து வரோணும். குலையோட, கன்னோட, வேரோட, வேர்ல அந்த ஊரு மண்ணோட. எல்லாரும் கல்யாணம் முடிஞ்சா மரத்தை மாட்டுக்கு வெட்டிப் போட்டுருவாங்க. நான் அதைக் கொண்டுபோய் எங்க கிணத்து மேட்டுல நட்டு வெச்சு, கன்னு தார் போட்டு, பேரன் பேத்தி திங்கறதைப் பாக்கோணும்னு நெனச்சேன். இதெல்லாம் ஒரு கேட்பா?

அதுக்கே அந்த மனுசன் இழுத்தாரு. "வேரோட வேண்டாங்க சம்மந்தியம்மா, மரத்தை வெட்டித் தர்றனுங்க. கன்னு வேணும்னா பொறவு நல்லாக் கழுவித் தர்றனுங்க. எங்க மண்ணு உங்களுக்கு ஆகாதுங்க"ன்னாரு. ரெண்டு கூடை மண்ணு குடுக்க மனசில்ல அவருக்கு. பொண்ணையே குடுக்கறவரு மண்ணுக்குக் கணக்குப் பாக்கறாருன்னு எனக்கு ஆத்தரமா வந்துது. "மண்ணு இல்லாம வந்தா அந்த மரம் பந்தலுக்குள்ள வராதுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். பொறவு வந்துது. நாலு மரம், வேரைச் சாக்குல சுத்தி, பொதியாட்ட மண்ணோட. அதுக்குள்ள வெச்சுத்தான் நத்தையை அனுப்பிப்போட்டாரு, பெருசும் முட்டையுமா.

நடும்போது நானே பாத்தேன் அம்மிணி. மண்ணுக்குள்ள சவ்வரிசியாட்ட மஞ்சமஞ்சளா ஒரு பிடி கெடந்துது. பரவால்ல, மனுசன் உரம் வெச்சுக் குடுத்திருக்கறாருன்னு நெனச்சு, கொட்டிப்போகாம அள்ளி வேர் மேலயே வெச்சு மூடுனேன். தண்ணியும் ஊத்தினேன்.

கார்த்திகையில ஒரு வெள்ளிக்கிழமை. பொழுது சாயற நேரம், நான் விளக்குப் பத்த வெச்சுட்டு வாசலுக்கு வர்றேன், வாசப்படியில சங்கு ஒண்ணு நடந்து வருது. நீயே சொல்லு, புது மருமக வந்த ஊடு, வெள்ளிக்கிழமை, விளக்கு வெக்கற நேரம், சங்கு தானா நடந்து உள்ள வருது. நீ என்ன நெனச்சிருப்பே? நத்தைன்னா? எங்க வாய்க்கால்ல இருக்கற நத்தை சுண்டுவெரல் நகத்தளவு இருக்கும். இது என்ற கை நெறைய இருந்துது. நான் லட்சுமின்னுதான் நெனச்சேன். மஞ்சத் தேச்சு, குங்குமம் வெச்சு, கிண்ணத்துல பாலு வெச்சேன். குடிக்கல. கூச்சமா இருக்கும்னு நகந்துக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்து சுவர்ணா அடுப்படியில இருந்து ஓடி வர்றா. கை நெறையக் கல்லுப்பு. "அத்தை, தள்ளுங்க"ன்னு சொல்லி, அது தலை மேல கொட்டப் போறா. மணிக்கட்டோட புடிச்சேன். எங்க பக்கம் விளக்கு வெச்ச பொறவு பக்கத்து ஊட்டுக்கு ஒரு பிடி உப்புக் குடுக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை கேக்கவே வேண்டாம். இவ லட்சுமியை எடுத்து லட்சுமி மேலயே கொட்டறா. "உங்க ஊட்டுல இதெல்லாம் சொல்லித் தரலயா"ன்னு கேட்டேன்.

"அத்தை, இது நத்தைங்க. எங்க தோட்டத்தையே தின்னு தீத்தது இதுதான். இன்னிக்கு ஒண்ணை விட்டா நாளைக்கு நூறு வருமுங்க"ன்னா.

"வரட்டும், நூறு வந்தா நூறு லட்சுமி"ன்னேன்.

வந்துது. எண்ணிக்கையில மட்டும் அந்தப் புள்ள தப்பாச் சொல்லிருச்சு. நூறோட நிக்கல.

பண்ணாரி வந்துருச்சு பாரு. ஆத்தா, தாயே, நல்ல வழி காட்டு. நீயும் கும்பிட்டுக்க. செக்போஸ்ட்ல போசியைத் தொறக்கச் சொல்லுவாங்களா? போன மாசம் எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு பலாப்பழம் கொண்டு போனதையே மோந்து பாத்தாங்களாம். கேட்டா சீருன்னு சொல்லிக்கறேன். பொய்யில்லையே.

எங்க விட்டேன்? ஆமா. பங்குனி சித்திரையில ஒண்ணைக்கூடக் காணோம். தொலைஞ்சுதுன்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். சுவர்ணாதான், "போகல அத்தை, மண்ணுக்குள்ள தூங்குது, இப்பவே தோண்டி எடுத்துரலாம்"ன்னா. நல்ல வெயில்ல யாரு தோண்டறது? தூங்கறதை எழுப்புவாங்களா? வைகாசியில ஒரு மழை பேஞ்சுது பாரு. வெடியால எந்திரிச்சுக் கதவைத் தொறக்கறேன், வாசல் தெரியல. வாசலே நகருது.

பப்பாளி நாத்து பூராவும் குச்சியா நிக்குது. செண்டுமல்லி ஒண்ணு பாக்கியில்ல. கீரைப்பாத்தியில மண்ணுதான் இருக்குது. அதோட விட்டுதா? கல்யாணத்துக்குன்னு சாளைச் செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருந்தோம். அதையும் நக்கித் தின்னுருச்சு. செவுத்துல நல்வரவுன்னு எழுதியிருந்ததுல இப்ப பாதிதான் இருக்குது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணுமாம் அதுக்கு. எங்கூட்டுக்காரரு வெத்தலைக்கு வெச்சிருந்த சுண்ணாம்பு டப்பாவுல ஒண்ணு உக்காந்திருந்துது. வாயே தொறக்காத மனுசன் அன்னிக்குத்தான், "சம்பூரணம், இது ரொம்ப மீறிப் போகுது"ன்னாரு.

கொல்றதுக்கென்னன்னு கேக்கறயா? எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. நான் ஒண்ணுக்குப் பொட்டு வெச்சுட்டேன் அம்மிணி. பொட்டு வெச்சுக் கும்பிட்டதைக் கொல்ல மனசு வருமா? இத்தனை ஆயிரத்துல நான் பொட்டு வெச்சது எதுன்னு எப்படித் தெரியும்? குங்குமம் மழையில கரைஞ்சுருச்சு. அதனால ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். சுவர்ணா ஒரு நாள் சாக்கை நனைச்சு வரப்புல விரிச்சு, முட்டைக்கோசுத் தழையை உள்ள போட்டு வெச்சா. வெடியால திருப்பினா அடியில அப்படியே ஒட்டிட்டிருக்குது, ரெண்டு வாளி. உப்புத் தண்ணியில போடப் போனா. நான் வாளியைப் புடுங்கி, ரோட்டைத் தாண்டி வாய்க்கா மேட்டுல கொட்டிப்போட்டு வந்தேன். மறுநா வெடியால எல்லாம் வாசல்ல. தெனமும் கொட்டுவேன், தெனமும் வரும்.

நத்தைக்குக்கூட ஊட்டுக்கு வர வழி தெரியுது. அந்தப் புள்ளைக்குத் தெரியல.

ஆமா, ஆடிக்குப் போனவ. ஆடியில புதுப்பொண்ணை அம்மா ஊட்டுக்கு அழைக்கறது எல்லாப் பக்கமும் உள்ளதுதான். ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தா வந்துரோணும். வரல. ஏன் வரலன்னா எனக்கென்ன தெரியும்? நான் ஒண்ணும் சொல்லல.

சொன்னது ஒண்ணுதான். ஆனி மாசம் ஒறம்பரை வந்திருந்தாங்க, எங்க நாத்தனா, அவங்க சம்மந்தி எல்லாரும். நாத்தனா கெளம்பறப்போ செருப்புல காலை விட்டா. உள்ள ஒண்ணு இருந்துருச்சு. அவ கத்துன கத்துல மாடு கயித்தை அத்துக்கிட்டுது. எனக்குச் சங்கடமா இருந்துது, எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அப்ப வாயில வந்துது, "எங்க மருமக கொண்டாந்த சீருங்க இது. மத்தவங்க சீரெல்லாம் தேயும், இது பெருகுது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சுவர்ணா காப்பித் தட்டோட நின்னுட்டிருந்தா. எல்லாருக்கும் காப்பியைக் குடுத்துப்போட்டு உள்ள போயிட்டா.

மறுநா சமைச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டினா, எல்லாம் செஞ்சா. பேச்சு மட்டும் இல்ல. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், அன்னிக்கே தீந்திருக்கும். பேசாத புள்ளைகிட்ட நான் என்னன்னு பேசறது? ஆடி அழைக்க அவங்கப்பா வந்தாரு. போயிட்டு வர்றனுங்கத்தைன்னு சொன்னா. நான் வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன், தலையை மட்டும் ஆட்டினேன். வெங்காயம் உரிச்சா கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும்.

லோகு இப்பச் சாளைக்குள்ளயே இருக்கறதில்ல. பொழுதோட போனை எடுத்துட்டுக் கிணத்து மேட்டுக்குப் போயிர்றான். எங்கிட்ட ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை. சோறு, தண்ணி. எங்கூட்டுக்காரரு எப்பவும் பேச மாட்டாரு. ரெண்டு ஊமை, ஆயிரம் நத்தை, நடுவுல நான். நான் யாருகிட்டத்தான் பேசறது? அவ இருந்தப்ப நான் சொல்றதுக்கெல்லாம் உம் கொட்டுவா. தப்புன்னா தப்புன்னும் சொல்லுவா. அடுப்படிக்குப் போனா கை தானா ரெண்டு டம்ளரை எடுக்குது, பொறவு ஒண்ணைத் திருப்பி வெக்கறேன்.

இன்னிக்கு ஆவணி இருபத்தெட்டு. வளர்பிறை, நல்ல நாளு. இதை விட்டாப் புரட்டாசி பொறந்துரும். புரட்டாசியில அவங்க பொண்ணை அனுப்ப மாட்டாங்க, நாங்களும் கூப்பிட மாட்டோம். பொறவு ஐப்பசிதான். ஐப்பசி வந்தா கல்யாணமாகி வருசம் ஆயிரும். வருசம் திரும்பறப்போ பொண்ணு அப்பன் ஊட்டுல இருந்தா ஊரு என்ன பேசும்? அத்துக்கிட்டாங்கன்னு பேசும். அதுக்கப்பறம் அவ வரோணும்னு நெனச்சாலும் எப்படி வருவா?

அதுக்காக நான் போகல. நத்தையைக் குடுக்கத்தான் போறேன். லோகுகிட்டப் பண்ணாரி கோயிலுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்.

அங்க போனதும் என்ன பேசோணும்னு மனசுக்குள்ள வெச்சிருக்கறேன். வாசல்ல நின்னு, செருப்பைக்கூடக் கழட்டாம, "மாதேசண்ணா, உங்க சீரை நீங்களே வெச்சுக்கோங்க"ன்னு தட்டை நீட்டுவேன். அவரு முழிப்பாரு. "பொண்ணைப் பெத்தவரு இப்படிச் செய்யலாமா"ன்னு கேப்பேன். அப்ப சுவர்ணா உள்ள இருந்து வருவா. வந்தா அவகிட்டயும் நறுக்குன்னு கேப்பேன். இளைச்சுப் போயிட்டயே, இந்தக் குளுருல சுவெட்டர் போடறயான்னு கேப்பேன். அது மரியாதைக்கு. பொறவு மறுபடியும் சண்டையை ஆரம்பிப்பேன்.

அந்தப் பொட்டணமா? கம்பு முறுக்கு. வெறும் நத்தையைத் தட்டுல வெச்சா நல்லா இருக்காதல்ல. அவ கம்பு முறுக்குன்னா நல்லாத் திம்பா, ஆனா அதுக்காகச் சுடல. கம்பு சும்மா கெடந்துது.

அம்மிணி, அசையாதே. ஒண்ணுமில்ல. உன்ற பையில என்ன, கொத்தமல்லித் தழையா? அப்படியே இரு. ஒண்ணு. இதா, இன்னொண்ணு. வளைவுல போசி சாஞ்சு துணி நழுவிருச்சு போல இருக்குது. எண்ணிப்போடறேன் இரு. பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது. ரெண்டு கொறையுது. முன் சீட்டுக்காரரு தலைத்துண்டு மேல ஒண்ணு போகுது பாரு. அவரு தூங்கறாரு, எழுப்ப வேண்டாம். அது எறங்கற ஊருல எறங்கிக்கும். இன்னொண்ணைத் தேட வேண்டாம் விடு. பத்தொம்போதும் ஒத்தைப்படைதான்.

ஏன் நிறுத்திப்போட்டான்? கரும்பு லாரி வளைவுல மாட்டிக்கிச்சா. சரியாப் போச்சு. இனி அது திரும்பி, நாம நகந்து, அங்க போறதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சுரும். மேல இருந்து வர்ற பஸ்ஸும் நின்னுருச்சு. கையை நீட்டினா தொட்டரலாம் போல அவ்வளவு கிட்ட நிக்குது.

அம்மிணி. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமல்ல. அந்த பஸ்ல, டிரைவருக்குப் பின்னால மூணாவது சன்னல். பச்சைச் சேலை. சன்னல் கம்பியில தலையைச் சாச்சுட்டு இருக்கறது. நல்லாப் பாத்துச் சொல்லு. உனக்கெங்க தெரியும், நீ பாத்ததே இல்லையே. தள்ளு, நான் பாக்கறேன்.

சுவர்ணா. ஏ சுவர்ணா. இங்க பாரு.

பாத்துட்டா. பக்கத்துல அவங்கப்பாவும் இருக்கறாரு. எந்திரிச்சுக் கும்பிடறாரு பாரு, மேல கம்பியில தலையை இடிச்சுக்கிட்டாரு. எங்க போறீங்க அத்தைன்னு கேக்கறா. என்ன சொல்றது அம்மிணி? சீக்கிரம் ஏதாச்சும் சொல்லு. கோயிலுக்குன்னு சொல்லட்டுமா? கோயில் கீழயே போயிருச்சே.

உன்னைக் கூப்பிடத்தான் சாமி வந்தேன்.

சொல்லிப்போட்டேன். தானா வந்துருச்சு. நத்தையைப் பத்தி நான் பேசுனதெல்லாம் நீ கேக்கல, சரியா?

என்ன சொல்றா? ஊட்டுக்குத்தான் வர்றாளாம். இன்னிக்கு விட்டாப் புரட்டாசின்னு அவங்கப்பா காலண்டர் பாத்துக் கூட்டிட்டு வர்றாராம். லோகுகிட்ட நேத்தே சொல்லிட்டாளாம். அந்தப் பய எங்கிட்ட மூச்சு விடல. நானும் அவன்கிட்டச் சொல்லலதான், அது வேற.

அவரு மடியில என்ன கூடை? வாத்தா? வாத்துக்குஞ்சுங்களா சம்மந்தி? முட்டையையும் சின்ன நத்தையையும் பொறுக்கித் தின்னுருமாம். பெருசை ஒடைச்சுப் போட்டாத் திங்குமாம். அவங்க தோட்டத்துல இப்ப இதை வெச்சுத்தான் ஒழிக்கறாங்களாம். எத்தனைங்க? ஏழா. ஒத்தைப்படை. மொறை தெரிஞ்ச மனுசன் அம்மிணி. நான் என்னிக்காச்சும் அவரைக் கொறை சொன்னனா?

போசியில என்னன்னு கேக்கறாரு. வாத்துக்குத் தீனிங்க சம்மந்தி. நான் கொல்லலீங்க. வாத்து தின்னா அதுக்கு நான் என்னங்க பண்ணறது.

சரி அம்மிணி, அந்த மஞ்சப்பையை எடு. முறுக்குல நாலு நீ வெச்சுக்க. கொத்தமல்லியைக் கொடஞ்சு பாத்துட்டு அப்பறமா ஊட்டுக்குள்ள கொண்டு போ.

கண்டக்டர், சித்தெ கதவைத் தொறங்க. எறங்கோணுங்க. தெரியுமுங்க, நடுக்காடுன்னு. வண்டி நிக்கத்தான நிக்குது, மூணு எட்டு வெச்சா அந்த பஸ்ஸுல ஏறிக்குவேன். டிக்கெட்டு தாளவாடிக்கு எடுத்தது போனாப் போகட்டுமுங்க. என்னங்க இப்படிக் கேக்கறீங்க, அங்க என்ற புள்ள உக்காந்திருக்குதுங்க. அதுக்கு இந்த வளைவு ஆகாது, எறங்கறதுக்குள்ள வாந்தி எடுக்கும். பக்கத்துல நான் இருக்கோணுங்க.